எவ்வளவு உப்பு என்பதை விடுங்கள், எந்த உப்பு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குடிநீர் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் ஒரு சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது. உப்பு கரைந்தால் தண்ணீர் அமிலமாகுமா, காரமாகுமா? வீட்டுக் குடிநீர், வயல், சாயப்பட்டறை, ஆஸ்பத்திரி என்று ஆளுக்கொரு இடத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

*

எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,400. ஆர்.ஓ. மெஷின் போட்ட பிறகு 60. ஆனால் பையன் பி.எச். தாளை நனைத்துப் பார்த்தால் போர் தண்ணீர் ஏழரைக்குக் கிட்டே, ஆர்.ஓ. தண்ணீர் 6. உப்பை எடுத்தால் சுத்தமாகத்தானே ஆக வேண்டும், அமிலம் எங்கிருந்து வந்தது? மெஷின் பழுதா?
– வாசகி, குரோம்பேட்டை

மெஷின் பழுதில்லை, தாளும் சரியாகத்தான் காட்டியிருக்கிறது. உங்கள் பையன் செய்தது அருமையான சோதனை.

முதலில், டி.டி.எஸ். மீட்டரும் பி.எச். தாளும் பார்ப்பது வேறு வேறு விஷயங்கள். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை வைத்து மொத்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது, அவ்வளவுதான். அது சாப்பாட்டு உப்பா, சுண்ணாம்புச் சத்தா, சோடா உப்பா என்று அதற்குத் தெரியாது. பி.எச். என்பது ஹைட்ரஜன் அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள ஹைட்ரஜன், எவ்வளவு என்பதற்கான கணக்கு. 1909-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த அளவு அது. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம், ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. ஆக 7-இலிருந்து 6-க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி பத்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள்.

உங்கள் போர் தண்ணீரில் சோடியம், கால்சியம், மெக்னீசியம் ஒரு பக்கம், குளோரைடு, சல்பேட், பைகார்பனேட் இன்னொரு பக்கம் என்று கலவையாகக் கரைந்திருக்கும். இதில் பி.எச்.சைப் பிடித்து வைத்திருப்பது பைகார்பனேட் மட்டும்தான். அதற்கு எதிராக நிற்பது, மண்ணுக்கடியில் வேர்களும் நுண்ணுயிர்களும் விட்டு, தண்ணீரில் கரைந்துபோன கார்பன் டை ஆக்சைடு. இந்த வாயு தண்ணீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. பைகார்பனேட் எத்தனை பங்கு, இந்த வாயு எத்தனை பங்கு என்ற விகிதம்தான் உங்கள் தண்ணீரின் பி.எச். குளோரைடு ஆயிரம் இருந்தாலும் இந்தப் பஞ்சாயத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது ஆர்.ஓ. மெஷினுக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வுக்கு வருவோம். மின்னேற்றம் உள்ளதை அது தடுத்து நிறுத்தும், பைகார்பனேட்டுக்கு மின்னேற்றம் உண்டு, நின்றுவிடுகிறது. கார்பன் டை ஆக்சைடுக்கு மின்னேற்றம் கிடையாது, தண்ணீரோடு தண்ணீராகச் சவ்வைத் தாண்டிப் போய்விடுகிறது. அதாவது அமிலத்தைத் தரும் வாயு அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டது, அதைத் தாங்கிப் பிடித்த உப்பு அந்தப் பக்கமே தங்கிவிட்டது. பைகார்பனேட் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். கணக்கில் இருபது மடங்கு என்பது 1.3 படி. 7.4-இலிருந்து 1.3 போனால் 6.1. உங்கள் தாள் காட்டியதும் கிட்டத்தட்ட அதே எண்தான்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கையோடு ஒன்று செய்து பாருங்கள். ஆர்.ஓ. குழாயிலிருந்து பிடித்த தண்ணீரை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி நன்றாக ஆற்றிவிட்டு மறுபடி தாளை நனையுங்கள். வாயு கொஞ்சம் பறந்திருக்கும், எண் சற்று ஏறும்.

சரி, 6 என்றால் குடிக்கலாமா? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி (ஐ.எஸ். 10500) 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் உடம்பு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். இளநீரும் டீயும் 5-ஐ ஒட்டியவை, மோர் இன்னும் கீழே, எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில். இவற்றையெல்லாம் குடித்துத்தான் வளர்ந்தோம். 6.5 என்று கோடு போட்டதில் குழாயையும் பாத்திரத்தையும் காப்பாற்றும் நோக்கமும் உண்டு. பைகார்பனேட் இல்லாத, லேசாக அமிலமான தண்ணீர் உலோகத்தை அரிக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரைச் செம்புக் குடத்தில் ராத்திரி முழுக்க ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கும் பழக்கம் வேண்டாம் என்பேன். அந்தத் தண்ணீர் சாதாரணக் கிணற்றுத் தண்ணீரைவிட அதிகமாகச் செம்பைக் கரைக்கும். எவர்சில்வரிலோ மண்பானையிலோ வையுங்கள்.

உங்கள் மெஷினில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருகிக் கொஞ்சம் போர் தண்ணீரைக் கலக்கவிட்டு 60-ஐ 150, 200 என்று கொண்டுவந்தால் பைகார்பனேட்டும் திரும்ப வரும், பி.எச். சட்டென்று ஏறிவிடும். ஆனால் போர் தண்ணீரை முதலில் லேபில் கொடுத்துப் பாருங்கள். ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ அளவுக்கு மேல் இருந்தால் இப்படிக் கலப்பதை மறந்துவிடுங்கள், அந்த ஊர்களில் 60-தான் நல்லது. 'ஆல்கலைன்' என்று சொல்லித் தனியாக விற்கும் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் கார்பனேட்டும் மெக்னீசியம் ஆக்சைடும்தான். பி.எச்.சை ஏற்றும், சுவை கொஞ்சம் தரும். அதைக் குடித்தால் நோய் தீரும் என்று சொல்கிறார்களே, அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். எந்தத் தண்ணீராக இருந்தாலும் அது முதலில் போய் விழுவது பி.எச். 2-ஐ ஒட்டிய இரைப்பை அமிலத்தில்.

*

ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை இந்துப்பு போட்டால் காரத்தன்மை வந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
– வாசகர், தென்காசி

இல்லை. இந்துப்பு, கல்லுப்பு, தூள் உப்பு எல்லாமே பெரும்பகுதி சோடியம் குளோரைடு. அதைப் போட்டால் டி.டி.எஸ். ஏறும், பி.எச். இருந்த இடத்திலேயே இருக்கும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீரிலெல்லாம் உப்பைப் போட்டு வைப்பது தப்பு என்று அழுத்திச் சொல்கிறேன்.

*

பிளஸ் டூ மாணவி. உப்பு நடுநிலை என்று சின்ன வகுப்பில் படித்தோம். இப்போது சில உப்புகள் அமிலம், சில உப்புகள் காரம் என்று வருகிறது. விதியை மனப்பாடம் செய்துவிட்டேன், ஏன் என்றுதான் பிடிபடவில்லை.
– மாணவி, விருதுநகர்

ஏன் என்று கேட்டதற்கே உங்களுக்கு முழு மதிப்பெண் போடலாம்.

தண்ணீர் எப்போதும் மிகக் கொஞ்சமாகத் தானே உடைந்து ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சமமாக வைத்திருக்கிறது. ஓர் உப்பு கரையும்போது அதன் இரண்டு பாதிகளும் பிரிந்து தண்ணீருக்குள் வருகின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று தண்ணீரோடு வினை புரிந்து அந்தச் சமநிலையைக் கலைக்கிறதா என்பதுதான் கேள்வி. சோடியமும் குளோரைடும் கலைக்காது. குளோரைடு ஒரு வலிமையான அமிலத்திலிருந்து வந்தது, ஹைட்ரஜனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும் ஆசை அதற்குத் துளியும் இல்லை. சோடியமும் அப்படியே, ஹைட்ராக்சைடை அது சீண்டுவதில்லை. அதனால் எவ்வளவு சாப்பாட்டு உப்பைக் கரைத்தாலும் தண்ணீர் 7-ஐச் சுற்றியே நிற்கும்.

கார்பனேட் அப்படியில்லை. அது பலவீனமான அமிலத்தின் மிச்சம், ஹைட்ரஜனைக் கண்டால் விடாது. தண்ணீரிடமிருந்தே ஒன்றைப் பறித்துக்கொள்ளும், பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சைடாக நிற்கும். அதனால் சலவை சோடாக் கரைசல் 11-ஐத் தாண்டிவிடும். ஏற்கெனவே ஒரு ஹைட்ரஜன் கையில் இருக்கிற பைகார்பனேட்டுக்கு, அதாவது நம் ஆப்பசோடாவுக்கு, அவ்வளவு வேகம் கிடையாது. 8.3 பக்கம் நிற்கும்.

மறுபக்கம் படிகாரம். அதிலிருக்கும் அலுமினியம் அயனி உருவத்தில் சிறியது, அதன் தலையில் மூன்று நேர் மின்னேற்றம். தன்னைச் சுற்றி ஆறு தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்த இழுப்பில் தண்ணீரின் ஆக்சிஜன் தன் எலக்ட்ரானை அலுமினியத்தின் பக்கம் கொடுத்துவிட, ஹைட்ரஜன் தளர்ந்து கழன்று வெளியே வருகிறது. படிகாரத்தில் ஹைட்ரஜன் தரும் அமிலம் என்று தனியாக எதுவும் இல்லை, தண்ணீரிலிருந்தே அமிலத்தைக் கறந்து எடுக்கிறது. எனக்கு இதைவிட அழகான வேதியியல் தெரியாது. நவச்சாரத்திலும் (அமோனியம் குளோரைடு) அமோனியம் இதே திசையில் வேலை செய்யும், ஆனால் மென்மையாக, பி.எச். 5 வரைதான் இறங்கும்.

ஆய்வுக்கூடம் வேண்டாம், அடுப்படியிலேயே பார்க்கலாம். மூன்று கண்ணாடி டம்ளரில் கால் பங்கு தண்ணீர் எடுத்து, ஒன்றில் சாப்பாட்டு உப்பு, ஒன்றில் பொடித்த படிகாரம், ஒன்றில் சலவை சோடா என்று ஒவ்வொரு ஸ்பூன் கரையுங்கள். படிகாரம் கரைய மனசே வராது, வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்தால் நல்லது. இப்போது உப்பு டம்ளரிலும் படிகார டம்ளரிலும் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுங்கள். உப்புத் தண்ணீரில் பொடி அமைதியாகக் கரையும். படிகாரத் தண்ணீரில் நுரைத்துக்கொண்டு பொங்கும், கூடவே வெள்ளையாக வழவழவென்று ஒன்று திரளும். பொங்குவது கார்பன் டை ஆக்சைடு, திரள்வது அலுமினியம் ஹைட்ராக்சைடு. கலங்கிய குளத்துத் தண்ணீரில் படிகாரக் கட்டியைச் சுழற்றினால் சேற்றை அள்ளிக்கொண்டு கீழே படிவதும் இந்த வெள்ளைத் திரள்தான். மூன்றாவது டம்ளருக்கு மஞ்சள் தூள். சலவை சோடாவில் போட்டதும் குங்குமச் சிவப்பாகிவிடும். ஆப்பசோடா போடாத வெறும் உப்புத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் போடும்போது தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் செலவாகிக்கொண்டே போகும், பி.எச். இறங்கும். அதை ஈடுகட்டத்தான் பல இடங்களில் கூடவே சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள். பரீட்சையில் இந்த உதாரணத்தை எழுதுங்கள்.

*

மண் பரிசோதனையில் என் நிலத்தைக் களர் நிலம் என்று சொல்லி ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர், 'அதுவும் ஒரு உப்புதான், உப்பு நிலத்தில் உப்பைப் போடுவார்களா' என்று கேட்கிறார். ஜிப்சத்தில் அமிலமும் இல்லையாமே, அப்புறம் பி.எச். எப்படி இறங்கும்?
– விவசாய வாசகர், மணச்சநல்லூர்

பக்கத்து வயல்காரர் கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் ஜிப்சத்தை நிறுத்திவிடாதீர்கள்.

உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் நிலத்தில் மொத்த உப்பு அதிகம், மின் கடத்தும் திறன் 4-க்கு மேல், ஆனால் பி.எச். 8.5-க்குக் கீழேதான். களர் நிலத்தில் நேர்மாறு. மொத்த உப்பு குறைவாகக்கூட இருக்கும், பி.எச். 8.5-ஐத் தாண்டி 9, 10 என்று போகும், களிமண்ணில் ஒட்டியிருப்பதில் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல். உங்கள் அறிக்கையில் இந்த மூன்று எண்களையும் தேடிப் பாருங்கள்.

மழை பெய்து நின்ற மறுநாள் வயலில் இறங்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும். உவர் நிலத்தில் குட்டையில் நிற்கிற தண்ணீர் தெளிவாக இருக்கும், காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கும். களர் நிலத்தில் தண்ணீர் இறங்காது, நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும், மண்ணில் மட்கிய தழை இருந்தால் டீத்தண்ணீர் நிறத்துக்கு வரும். விரலால் தொட்டால் சோப்பு போல வழுக்கும். காய்ந்த பிறகு மேலே ஓடு கட்டி, முளை வெளியே வர முடியாமல் திணறும். மஞ்சள் தடவிக் காயவைத்த தாளை அந்தக் கலங்கல் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், களர் கடுமையாக இருந்தால் சிவக்கும்.

ஏன் இப்படி? பாசனத் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியத்தைவிடப் பைகார்பனேட் அதிகமாக இருந்தால் வம்பு தொடங்குகிறது. வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது கால்சியம் முதலில் சுண்ணாம்பாகப் படிந்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. மிச்சம் நிற்பது சோடியமும் கார்பனேட்டும். சுண்ணாம்பு தண்ணீரில் லேசில் கரையாது, அதனால் சுண்ணாம்பு மட்டும் உள்ள நிலம் எவ்வளவு முயன்றாலும் எட்டரை பக்கத்தில் நின்றுவிடும். சோடியம் கார்பனேட் தாராளமாகக் கரையும், அது பத்து வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டும் கார்பனேட் உப்புதான், கரைகிற அளவுதான் வித்தியாசம்.

இப்போது ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. ஆனால் அதிலிருந்து கரைந்து வரும் கால்சியம் இரண்டு வேலை செய்கிறது. மண்ணில் இருக்கும் கார்பனேட்டைப் பிடித்துச் சுண்ணாம்பாக்கிப் படியவைத்துவிடுகிறது, தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டிருந்த ஆசாமியே வெளியேறிவிட்டான், பி.எச். இறங்குகிறது. இரண்டாவது, களிமண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிறது, அப்போது சிதறிக் கிடந்த மண் துகள்கள் ஒன்றாகத் திரண்டு தண்ணீர் இறங்க வழி விடுகின்றன. மிச்சம் சோடியம் சல்பேட், அது நடுநிலை உப்பு. ஓர் உப்பைப் போட்டுக் கெட்ட உப்பை நல்ல உப்பாக மாற்றுகிறீர்கள்.

அந்தச் சோடியம் சல்பேட் வயலை விட்டு வெளியே போக வேண்டும், இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜிப்சத்தைத் தூவிவிட்டு வீட்டுக்குப் போனால் ஒன்றும் நடக்காது. சமன் செய்து வரப்பு கட்டி, ஜிப்சம் போட்டு உழுது, நல்ல தண்ணீர் நிறுத்தி வைத்து, பிறகு வடிக்க வேண்டும். வடிகால் இல்லையென்றால் முதலில் அதை வெட்டுங்கள், ஜிப்சம் அப்புறம். எவ்வளவு மூட்டை என்பது உங்கள் மண் அறிக்கையில் சொல்லும் ஜிப்சத் தேவையைப் பொறுத்தது, பக்கத்து வயல் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது. தொடர்ந்து தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள், அது களரைத் தாங்கி வளரும், மட்கும்போது கார்பன் டை ஆக்சைடு விட்டு மண்ணில் உள்ள சுண்ணாம்பையே கரைத்துக் கால்சியம் தரும். நெல் என்றால் திருச்சியிலேயே களர் நிலத்துக்கென்று வெளியிட்ட டி.ஆர்.ஒய். ரகங்கள் இருக்கின்றன, டி.ஆர்.ஒய். 3 கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. போர் தண்ணீரையும் சேர்த்துப் பரிசோதியுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் என்று ஓர் எண் தருவார்கள். 1.25-க்குக் கீழே என்றால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரே வருடா வருடம் புதிதாகக் களரை உண்டாக்கிக்கொண்டிருக்கும், மண்ணை எத்தனை முறை சரிசெய்தாலும் நிற்காது. அப்படிப்பட்ட தண்ணீரை ஜிப்சம் மூட்டைகள் அடுக்கிய தொட்டி வழியாக விட்டுப் பாய்ச்சலாம்.

பக்கத்து வயல்காரருக்கு ஒரு செய்தி. அவருடைய நிலம் உவர் நிலமாக இருந்தால் அவர் சொன்னது அவருக்குச் சரி. அதற்கு ஜிப்சம் உதவாது, நல்ல தண்ணீர் விட்டு அலசி வடிப்பதுதான் வழி.

*

கடல் தண்ணீர் அவ்வளவு உப்பாச்சே, அது அமிலமா காரமா?
– வாசகர், வேதாரண்யம்

லேசான காரம், 8.1. ஆனால் உப்பு அதிகம் என்பதால் அப்படி ஆகவில்லை. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு என்றால் அதில் பைகார்பனேட் ஏறக்குறைய 0.14 கிராம்தான். பி.எச்.சைத் தீர்மானிப்பதில் அந்த 0.14 கிராமுக்குத்தான் முக்கியப் பங்கு. காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடக் கூட, தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் பி.எச். 8.2-இலிருந்து 8.1-க்கு வந்திருக்கிறது. பார்க்க 0.1 என்று அற்பமாகத் தெரியும், ஹைட்ரஜன் அயனிக் கணக்கில் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கிறது. பவளமும் சிப்பியும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டை அது குறைக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறை வைத்திருக்கும் நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

உப்பின் அளவுக்கும் பி.எச்.சுக்கும் முடிச்சுப் போடக் கூடாது என்பதற்கு இரண்டு ஏரிகள் போதும். இஸ்ரேலுக்கும் ஜோர்டானுக்கும் நடுவில் இருக்கும் சாக்கடல் கடலைப் போல ஒன்பது, பத்து மடங்கு உப்பு, பி.எச். சுமார் 6, அமிலப் பக்கம். அதில் கால்சியமும் மெக்னீசியமும் குளோரைடாகக் குவிந்திருக்கின்றன, கார்பனேட்டுக்கு இடமே இல்லை. மகாராஷ்டிராவில் புல்டானா மாவட்டத்தில் விண்கல் விழுந்து உண்டான லோனார் ஏரியில் உப்பு சாக்கடலைவிட எவ்வளவோ குறைவு, பி.எச். 10-ஐ ஒட்டி. அங்கே சோடியம் கார்பனேட்.

*

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டதும் எடுத்துப் பார்த்தால் பி.எச். 7. அதே தண்ணீரை லேபில் கொடுத்தால் 7.8 என்கிறார்கள். யாரை நம்புவது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இரண்டையும் நம்பலாம். நிலத்தடித் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தி அடைத்து வைத்தது போல நிறைய இருக்கும், வெளிக்காற்று பட்டதும் வெளியேறத் தொடங்கிவிடும். உப்பு மாறவில்லை, வாயு போய்விட்டது, பி.எச். ஏறிவிட்டது. அதே தண்ணீரைக் கொதிக்கவைத்தால் இன்னும் போகும், அப்போது கால்சியம் சுண்ணாம்பாகப் பாத்திரத்தின் அடியில் படியும். லேபுக்கு எடுக்கும்போது பாட்டிலைக் கழுத்து வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடி, அன்றைக்கே கொடுங்கள்.

கையடக்க மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ அதை விட்டால் எண் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் கண்ணாடி முனைக்கு மின்சாரம் கடத்தக் கொஞ்சமாவது உப்பு வேண்டும். ஆய்வுக்கூடங்களில் இதற்காகவே சுத்தமான பொட்டாசியம் குளோரைடைத் துளி சேர்ப்பார்கள். அது நடுநிலை உப்பு, பி.எச்.சை அசைக்காது, எண் மட்டும் நிலைக்கு வரும்.

*

சாயத் தண்ணீரை ஆசிட் விட்டு நடுநிலை ஆக்கிவிட்டோம், பி.எச். 7 இருக்கிறது, அப்புறம் என்ன கெடுதல் என்று ஒரு பட்டறைக்காரர் என்னிடம் வாதாடினார். என்ன பதில் சொல்வது?
– வாசகி, திருப்பூர்

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற, முதலில் உப்பு வேண்டும். ஆழ்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போடுவார்கள். அந்த உப்பு சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூலின் பக்கம் தள்ளும், அவ்வளவுதான், துணியில் தங்காது. பிறகு சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட், போட்டு பி.எச்.சை 11 பக்கம் ஏற்றினால்தான் சாயம் நூலோடு பிணைந்து நிற்கும். வேலை முடிந்ததும் உப்பு முழுக்க, சோடா பெரும்பகுதி கழிவில்.

இதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் என்ன நடக்கும்? 106 கிராம் சோடா ஆஷை முழுக்க முறிக்க 73 கிராம் அமிலம் பிடிக்கும், வாயு போக 117 கிராம் சாப்பாட்டு உப்பு மிஞ்சும். பி.எச். 7 ஆகிவிட்டது, உப்பு எடையில் கூடியிருக்கிறது. அமிலத்தையும் காரத்தையும் ஒன்றை வைத்து ஒன்றை அழிக்கலாம், உப்பை அப்படி அழிக்க எதுவும் கிடையாது. அதனால்தான் ஆற்றில் விடும் கழிவுக்கான விதியில் பி.எச். 5.5 முதல் 9 வரை என்று ஒரு வரியும், மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்று தனியாக இன்னொரு வரியும் இருக்கின்றன. முதல் வரியைக் காட்டி இரண்டாவதை மறைக்க முடியாது.

நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆனது என்று உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்குக் கட்டிய அணை, சாயக் கழிவின் உப்பு தேங்கும் இடமாகி, அந்தத் தண்ணீர் வயலுக்கு உதவாமல் போனது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறைக்கு வர வேண்டியிருந்தது. ஆர்.ஓ.வில் தண்ணீரைப் பிரித்து, மிஞ்சியதை ஆவியாக்கி உப்பைத் திட வடிவில் எடுப்பது அதில் முக்கியம். எடுத்த உப்பை மறுபடி சாயம் போடவே பயன்படுத்தலாம். செலவு அதிகம் என்பது உண்மை. அந்தச் செலவைப் பட்டறை ஏற்காதபோது கீழே இருக்கும் கிணறுகள்தான் ஏற்றன என்பதும் உண்மை. அந்தப் பட்டறைக்காரரிடம் டி.டி.எஸ். எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

*

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றினார்கள். பாட்டிலில் பி.எச். 4.5 முதல் 7 வரை என்று போட்டிருந்தது. உப்புத் தண்ணீர் நடுநிலை என்றால் இது ஏன் அமிலம்? ரத்தத்துக்கு ஆபத்தில்லையா?
– வாசகி, கும்பகோணம்

சலைன் என்பது 0.9 சதவீதச் சாப்பாட்டு உப்புக் கரைசல், வேறொன்றும் இல்லை. உப்பு நடுநிலைதான், ஆனால் பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்க அதில் எதுவும் கிடையாது. அதனால் காற்றிலிருந்து துளி கார்பன் டை ஆக்சைடு கரைந்தாலே ஐந்தரை பக்கம் இறங்கிவிடும். இறங்கினாலும் அதில் உள்ள அமிலத்தின் மொத்த அளவு அற்பம், ரத்தத்தின் பைகார்பனேட் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

ஆனால் வேறொரு வழியில் சலைன் ரத்தத்தை அமிலப் பக்கம் தள்ளக்கூடும், அதற்கும் லேபிளில் போட்ட எண்ணுக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் குளோரைடு லிட்டருக்கு 100 மில்லிமோல் அளவில் இருக்கும், சலைனில் 154. பல லிட்டர் வேகமாக ஏற்றினால் குளோரைடு கூடி, பைகார்பனேட்டின் பங்கு குறைந்து, ரத்தத்தின் பி.எச். இறங்கும். இதைத் தவிர்க்கத்தான் நிறைய ஏற்ற வேண்டிய நேரங்களில் மருத்துவர்கள் ரிங்கர் லாக்டேட் பாட்டிலை எடுப்பதுண்டு. அதன் பி.எச். பாட்டிலில் ஆறரை பக்கம், அதுவும் அமிலம்தான். ஆனால் அதிலிருக்கும் லாக்டேட்டைக் கல்லீரல் பைகார்பனேட்டாக மாற்றிவிடும், உடம்புக்குள் போனபின் அது காரப் பக்கம் வேலை செய்கிறது. ஆக லேபிளைப் பார்த்துக் கலங்க வேண்டாம். எந்த பாட்டில், எவ்வளவு வேகம் என்பதை அப்பாவின் சிறுநீரகம், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார், சந்தேகம் இருந்தால் அவரிடமே நேரடியாகக் கேளுங்கள், சொல்வார்.